வாள் கற்க வருகிறவர்களுக்கு: எதை முதலில், எதைப் பிறகு

"வாளை எப்போது கையில் கொடுப்பீர்கள்?" புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது இதைத்தான். நானும் கேட்டிருக்கிறேன். சிறுவயதில் சிலம்ப வாத்தியாரிடம் இதையே கேட்டேன். பதிலுக்கு ஒரு மாதம் வெறும் காலடி மட்டும் போட வைத்தார். பிறகு ஜப்பானிய வாள்கலையான கெண்டோ பழகினேன், அதற்கப்புறம் ஜெர்மானிய நீள்வாள், இடையில் கொஞ்ச காலம் களரி. கற்றதைவிடப் புதியவர்கள் பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டிருந்த நேரம்தான் எனக்கு அதிகம். அவர்கள் தடுமாறும் இடங்கள் ஊர் மாறினாலும் மாறுவதில்லை. பெரும்பாலானவை படிகளைத் தாண்டிக் குதிப்பதால் வருகிறவை.

இந்த வழிகாட்டி ஏறத்தாழ முதல் ஓராண்டுக்கானது. ஒவ்வொரு படியிலும் எந்தப் போர்மரபு எதை ஏன் அப்படிச் செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரிந்தால் அலுப்பு குறையும்.

1. ஒரு மரபைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றை மட்டும்

வாள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எத்தனை கையால் பிடிப்பது, எந்தக் கால் முன்னே நிற்பது, மறு கையில் என்ன இருப்பது என்பதெல்லாம் மரபுக்கு மரபு வேறு.

களரிப்பயட்டில் ஒரு கையில் வாள், மறு கையில் பரிசை என்னும் கேடயம். ஆனால் வாளைத் தொடுவது மூன்றாம் கட்டத்தில்தான். முதலில் மெய்த்தாரி, அதாவது உடலை மட்டும் வைத்துப் பழகுவது. அடுத்து கோல்த்தாரி, மரத்தாலான ஆயுதங்கள். அதற்குப் பிறகே அங்கத்தாரி என்னும் உலோக ஆயுதங்கள். வெறுங்கைச் சண்டை கடைசியில் வரும். பிலிப்பைன்ஸின் எஸ்க்ரிமாவில் இது அப்படியே தலைகீழ். முதல் வகுப்பிலேயே பிரம்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள், வெறுங்கை பிறகுதான். உடல் வளையாதவன் ஆயுதத்தைப் பிடித்தால் ஆயுதம் அவனை இழுத்துக்கொண்டு போகும் என்பது களரியின் கணக்கு. ஆயுதம் வரும் கோணம் கண்ணுக்குப் பழகிவிட்டால் அதே கோணத்தில் வெறுங்கையும் வேலை செய்யும் என்பது எஸ்க்ரிமாவின் கணக்கு. இரண்டும் சரிதான். பாதி வழியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் இரண்டுமே பலன் தராது.

கெண்டோவில் ஷினாய் என்னும் மூங்கில் பயிற்சி வாளை இரு கையாலும் பிடிப்பார்கள். இலக்குகள் நான்குதான்: தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை. அடிப்படை நிலையில் வலது கால் எப்போதும் முன்னே நிற்கும். ஜெர்மானிய நீள்வாளும் இரு கை வாள்தான், ஆனால் இருபுறமும் கூர் உண்டு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யோஹான்னஸ் லீக்டெனாவர் என்ற ஆசானின் பெயரில் வரும் போதனை அது. வலப்பக்கத்திலிருந்து வெட்டினால் வலது கால் கூடவே போக வேண்டும், இடப்பக்கத்திலிருந்து வெட்டினால் இடது கால் போக வேண்டும் என்பது அதன் அரிச்சுவடி. கெண்டோவும் களரியும் ஆசான் கையிலிருந்து மாணவன் கைக்கு வந்தவை. ஐரோப்பிய நீள்வாள் கலை நடுவில் அறுந்துபோய், கையெழுத்துச் சுவடிகளிலிருந்து இப்போது மீட்டெடுக்கப்படுகிறது. அதனால் அங்கே படிப்பும் பயிற்சியின் ஒரு பகுதி. படிக்கப் பிடிக்காதவர்களுக்கு அது ஒத்துவராது.

கலப்பவர்களுக்கு என்ன ஆகும்? கெண்டோ பழகிய ஓர் இளைஞர் நீள்வாளுக்கு வந்தார். இடப்பக்கத்திலிருந்து வெட்டும்போதும் வலது கால் முன்னேயே இருந்தது. இடுப்பு திரும்ப வழியில்லை. வெட்டு பாதியிலேயே செத்துப்போகும். நல்ல உழைப்பாளி அவர். ஒரு பழக்கத்தை இன்னொன்றின் மேல் ஒட்ட வைக்கப் பார்த்ததுதான் சிக்கல்.

எதைத் தேர்ந்தெடுப்பது? எது அழகு, எது 'நிஜச் சண்டைக்கு' ஏற்றது என்ற விவாதத்தில் நேரத்தைக் கொட்டாதீர்கள். வாரம் இரண்டு முறை உங்களால் போய்வரக்கூடிய தூரத்தில் எந்த ஆசான் இருக்கிறாரோ, அவருடைய மரபே உங்கள் மரபு. யூடியூப் பார்க்கலாம். ஆனால் உங்கள் முழங்கை விரிந்து கிடப்பதை அது சொல்லாது.

2. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

முதல் மூன்று மாதத்துக்கு உலோகம் வேண்டாம். கெண்டோவுக்கு ஒரு ஷினாய் போதும். வயதுவந்த ஆண்களுக்கு 39 என்ற அளவு. நீளம் 120 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது, எடை 510 கிராமுக்குக் குறையக்கூடாது. பெண்களுக்குக் குறைந்தபட்ச எடை 440 கிராம். எஸ்க்ரிமாவுக்கு ஏறத்தாழ 28 அங்குலப் பிரம்பு. களரியில் குறுங்கோலுக்கு 'முச்சாண்' என்றே பெயர். மூன்று சாண் நீளம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. நீள்வாளுக்கு நைலான் பயிற்சி வாள் கிடைக்கும்.

சுவரில் மாட்டும் அலங்கார வாளை வாங்கி வீசிப் பார்க்கிறவர்கள் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். அவற்றில் பலவற்றின் அலகு, பிடிக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய கம்பியாகத்தான் இருக்கும். நாலு வீச்சில் ஒடிந்து அலகு மட்டும் பறக்கும். இந்தியாவில் வாள்கள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறவை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆசானைக் கேட்காமல் கூருள்ள எதையும் வாங்க வேண்டாம்.

இடம் இன்னொரு பிரச்சினை. 120 சென்டிமீட்டர் ஷினாயைத் தலைக்கு மேல் தூக்கினால் அது நேராக மின்விசிறியில் போய் நிற்கும். நம் வீடுகளில் முதல் பலி எப்போதும் மின்விசிறிதான், இரண்டாவது டியூப் லைட். வீட்டுக்குள் பழகுவதென்றால் முழங்கை நீளக் கட்டையால் பழகுங்கள். மொட்டை மாடி நல்ல இடம். ஆனால் சிமெண்டுத் தரையில் காலை ஓங்கி வைத்துப் பழகினால் குதிகால் வலி வந்தே தீரும். கெண்டோ கூடத்தில் மரத்தரையும் களரியில் மண்தரையும் இருப்பது சும்மா இல்லை. மாடியில் நடையும் வீச்சும் மட்டும் போதும், பாய்ச்சல் வேண்டாம்.

3. காலில் தொடங்குங்கள்

கையில் எதுவும் இல்லாமல், தினமும் பத்து நிமிடம், குறைந்தது மூன்று வாரம். இதைத் தவிர்ப்பவர்கள்தான் ஆறாம் மாதத்தில் "அடி போய்ச் சேரவே மாட்டேன்கிறது" என்று வந்து நிற்பார்கள். வாள் நகர்வது கையின் வேகத்தால் என்று கண் சொல்லும். உண்மையில் உடம்பை எதிராளியிடம் கொண்டு சேர்ப்பது கால்.

எல்லா மரபும் இதில் ஒன்றுபடுகிறது. சிலம்பத்தில் காலடி வரிசை. சீக்கியர்களின் கத்காவில் பெந்த்ரா என்னும் கால்வைப்பு. களரியில் யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, மயில், சேவல், பூனை என்று வடக்கன் முறையில் எட்டு வடிவுகள். அவற்றைத் தாழ்ந்து நின்று பழகப் பழகத் தொடை தீப்பிடித்த மாதிரி எரியும். தாழ்ந்த நிலையிலிருந்துதான் பாய முடியும் என்பதே அந்த வேதனைக்குக் காரணம்.

கெண்டோவின் நடை புதியவர்களுக்கு எளிது என்பதால் அதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். தரையில் சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். கோட்டுக்கு வலப்புறம் வலது கால், இடப்புறம் இடது கால். இரண்டுக்கும் இடையே ஒரு கைமுட்டி அகலம். இடது கால்விரல்கள் வலது குதிகாலுக்கு நேராக வர வேண்டும். இடது குதிகால் கொஞ்சம் எழும்பி நிற்க வேண்டும். இப்போது இடது காலால் தரையைத் தள்ளி, வலது காலைச் சறுக்கியபடி முன்னே விடுங்கள். உடனே இடது கால் இழுபட்டு வந்து பழைய இடைவெளியில் நிற்க வேண்டும். பாதத்தைத் தூக்கி வைக்கக் கூடாது.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகள் மூன்று. முதலாவது, இரண்டு கால்களையும் கோட்டின் மேலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது. பக்கத்திலிருந்து விரலால் தொட்டாலே சாய்ந்துவிடுவார்கள். இரண்டாவது, இடது கால் பின்தங்கிவிடுவது. அப்போது அடுத்த அடிக்குத் தள்ள கால் இருக்காது. மூன்றாவது, தலை மேலும் கீழும் ஆடுவது. சுவரில் தலையின் நிழல் விழுகிற மாதிரி நின்று நடந்து பாருங்கள். நிழல் துள்ளினால் எதிராளிக்கு நீங்கள் வரப்போவது முன்பே தெரிந்துவிடும்.

கெண்டோவில் அடிக்கும்போது தரையதிரக் காலை வைக்கும் ஃபுமிகோமியைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் முதல் வாரத்திலேயே குதிப்பார்கள். அது சறுக்கு நடை படிந்த பிறகு வருவது. பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படிய வேண்டும். குதிகாலை மட்டும் ஊன்றினால் மாதக்கணக்கில் நொண்ட வேண்டியதுதான்.

4. பிடி

இரு கை வாள் என்றால், வலது கையில் பிடித்து இடது கையை ஒப்புக்கு வைத்துக்கொள்வது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கெண்டோவில் நிலைமை வேறு. இடது கை பிடியின் அடிமுனையில் இருக்கும், சுண்டுவிரல் முனையோடு ஒட்டி நிற்கும். வாளைத் தாங்குவது அதுதான். வலது கை காப்புத்தகட்டுக்குக் கீழே மெல்ல அமர்ந்து திசையை மட்டும் காட்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுகும், ஆள்காட்டிவிரல் தளர்ந்திருக்கும். ஈரத்துணியை இரு கையாலும் உள்ளே திருப்பிப் பிழிவோமே, அடி விழுகிற கணத்தில் கைகள் அந்த மாதிரி திரும்பும். மற்ற நேரத்தில் பிடி தளர்வாகவே இருக்க வேண்டும்.

சோதிக்க ஒரு வழி உண்டு. நிலையில் நின்றபடி வலது கையை மெல்ல எடுத்துவிடுங்கள். வாள்முனை பொத்தென்று விழுந்தால் இதுவரை வலது கைதான் சுமந்திருக்கிறது. இன்னொரு சாட்சி கொப்புளம். இடது சுண்டுவிரல், மோதிரவிரல் அடியில் காய்த்தால் சரி. வலது உள்ளங்கை காய்த்தால் ஆசானிடம் காட்டுங்கள்.

ஒரு கை வாளில் எல்லோரும் செய்யும் பிழை, சுத்தியல் பிடிப்பது போல ஐந்து விரலையும் இறுக்குவது. மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். அப்புறம் எல்லா வீச்சும் தோளிலிருந்து வரும். தோள் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

5. வெட்டின் பாதை

ஒரு பெரிய தாளில் நாலு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி வரையுங்கள். நெட்டுக்கோடு ஒன்று, கிடைக்கோடு ஒன்று, சாய்கோடுகள் இரண்டு. எட்டு திசை கிடைக்கும். அதைச் சுவரில் ஒட்டி எண் போடுங்கள். 1570இல் அச்சான, ஜெர்மானிய ஆசான் யோவாகிம் மேயரின் வாள் நூலில் கிட்டத்தட்ட இதே வரைபடம் எண்களோடு இருக்கிறது. எஸ்க்ரிமாவிலும் தாக்குதல்களுக்கு எண்தான் பெயர். பல கூடங்களில் 12 வரை போகும். இரு வேறு கடற்கரைகளில் ஒரே யோசனை ஏன் வந்தது? வருகிற ஆயுதம் எதுவானாலும் வழி சிலதான். வழிக்குப் பெயர் வைத்துவிட்டால் கண் சீக்கிரம் அடையாளம் கண்டுவிடும்.

முதல் இரண்டு வாரம் மேலிருந்து கீழே வரும் நேர்வெட்டு மட்டும் போதும். பிறகு சாய்வெட்டுகள். கிடைவெட்டைக் கடைசிக்கு வையுங்கள். இடுப்பு திரும்பத் தெரியாதவர்களுக்கு அது வெறும் கைவீச்சாகிவிடும். பத்து வீச்சு, ஓய்வு, மறுபடி பத்து என்று ஐந்து சுற்று. எண்ணிக்கையை ஏற்றுவதில் பலருக்கு ஆசை. பத்தாவது வீச்சு முதல் வீச்சு மாதிரி இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்குமேல் போடும் ஒவ்வொன்றும் பிழையை மனப்பாடம் செய்வதுதான்.

கம்பால் பழகுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. உருண்டைக் கம்புக்குக் கூர்ப்பக்கம் கிடையாது. எப்படி வீசினாலும் அடி விழும். வாள் அப்படி இல்லை. அலகு போகும் பாதையும் கூரின் திசையும் ஒன்றாக இல்லாவிட்டால் தட்டைப் பக்கம்தான் போய் மோதும். அதனால் கம்பின் ஒரு பக்கத்தில் நீளமாக வண்ண நாடா ஒட்டி அதைக் கூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெண்டோ ஷினாயில் கட்டியிருக்கும் நூல் வாளின் முதுகைக் குறிக்கிறது. அது எப்போதும் மேலே இருக்க வேண்டும். நூல் பக்கவாட்டில் திரும்பியிருப்பது தெரியாமலே மாதக்கணக்கில் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜப்பானிய மரவாளின் பிடி முட்டை வடிவில் இருப்பதால் கூர் எந்தப் பக்கம் என்று கையே சொல்லிவிடும். வசதி இருந்தால் அதில் பழகுவது நல்லது.

6. கம்பத்தில் அடிப்பது

காற்றில் வீசுவது மட்டும் போதாது. அடி எங்கே நிற்கிறது, அதிர்வு எங்கே வருகிறது என்பதை ஒரு பொருள்தான் கற்றுக்கொடுக்கும்.

ரோமானியப் புதுப்படைவீரர்கள் ஆளுயரக் கம்பத்தின் முன்னால் நின்று, மரவாளாலும் பிரம்புக் கேடயத்தாலும் பழகினார்கள் என்று ரோமானியப் படைநூல் எழுத்தாளர் வெகேட்டியஸ் எழுதிவைத்திருக்கிறார். இரண்டுமே உண்மையான ஆயுதங்களைப் போல இரு மடங்கு எடை. அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது எடை அல்ல. கம்பத்தை அடிக்கும்போதும் தன் உடம்பு திறந்து கிடக்கக் கூடாது என்ற நிபந்தனைதான். கம்பம் திருப்பி அடிக்காது என்பதால் நாம் அலட்சியமாக நிற்போம், அந்த அலட்சியமே பழக்கமாகிவிடும். ஜப்பானின் சத்சுமா பகுதியில் வளர்ந்த ஜிகென்-ரியூ முறையிலும் நட்ட மரத்தை ஓடிவந்து அடிப்பதுதான் பயிற்சியின் முதுகெலும்பு. முதல் அடியிலேயே காரியம் முடிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்கேற்ற பயிற்சி அது.

நமக்கு ஒரு பழைய டயர் போதும். உறுதியான தூணில் கட்டி, தலை, தோள், விலா, முழங்கால் உயரங்களில் சுண்ணாம்பால் குறி போடுங்கள். ஒரு காலடி பின்னாலிருந்து நடையோடு வந்து, அடித்து, மறுபடி தூரத்துக்குப் போய் நிலையெடுத்து நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே நொங்கு நொங்கென்று போடுவதில் பயன் இல்லை. முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கினால் ஒரு வாரம் நிறுத்திவிடுங்கள். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு அடித்தீர்கள் என்பதற்கு அது அடையாளம். அதிகாலையில் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார், அதையும் சொல்லிவைக்கிறேன்.

7. தூரம்

என் அனுபவத்தில் மிகவும் தாமதமாகப் புரிவதும், புரிந்தபின் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதும் இதுதான். புதியவர்கள் எப்போதும் கிட்டத்தில் நிற்பார்கள். பேசும்போது நிற்கும் தூரம் அது. வாளுக்கு அது மிக நெருக்கம்.

கெண்டோவில் ஒரு தூரத்துக்குத் தனிப்பெயரே இருக்கிறது: ஒரு காலடி முன்னே வைத்தால் அடிக்கலாம், ஒரு காலடி பின்னே வைத்தால் தப்பலாம். நிலையில் நிற்கும் இருவரின் ஷினாய் முனைகள் கொஞ்சமாகக் குறுக்கிடும் இடம் அது. அதற்கு வெளியே பேசலாம், யோசிக்கலாம். அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். கோட்டுக்குள் வந்து நின்று யோசிப்பதே புதியவர்களின் பெரும் பிழை.

இப்படிப் பழகுங்கள். இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் முன்னும் பின்னும் தன் இஷ்டத்துக்கு நடப்பார். மற்றவர் முனைகள் தொடும் அந்த இடைவெளி மாறாமல் கூடவே நகர வேண்டும். அடி கிடையாது. ஐந்து நிமிடம். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், வியர்த்துவிடும். அடுத்த வாரம், நடப்பவர் எப்போதாவது கையுறையை முன்னே நீட்டுவார். அந்தக் கணத்தில் மட்டும் அதைத் தொட வேண்டும்.

கையும் காலும் சேரும் நேரத்திலும் மரபுகள் பிரிகின்றன. கெண்டோவில் அடியும் வலது காலும் ஒரே கணத்தில் விழ வேண்டும், இல்லாவிட்டால் அது அடியாகவே கணக்காகாது. 1599இல் எழுதிய ஆங்கிலேயர் ஜார்ஜ் சில்வர் வேறு மாதிரி சொல்கிறார்: கை முதலில் புறப்பட வேண்டும், பிறகுதான் உடலும் காலும். காலை முதலில் வைத்தால், ஆயுதம் வந்து சேரும் முன் உங்கள் தலை எதிராளியின் எல்லைக்குள் போய்விடும் என்பது அதன் காரணம். நீங்கள் எந்த மரபில் இருந்தாலும் கால் போய், பிறகு கை போவது மட்டும் தவறு. அதைத்தான் எல்லோரும் இயல்பாகச் செய்வார்கள். கைபேசியில் பக்கவாட்டிலிருந்து படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

8. இருவர் சேர்ந்து பழகும் வரிசைகள்

இதற்குப் பிறகே துணையோடு பழகுவது. ஜப்பானியப் பழைய வாள்முறைகளில் இருவர் வரிசை என்றால், தோற்கும் பக்கத்தை எடுப்பவர் மூத்தவர். அவர் சரியான தூரத்தில், சரியான வேகத்தில் தாக்கி, இளையவருக்கு வெல்லும் வாய்ப்பைக் கொடுப்பார். அவருக்கு உச்சிதாச்சி என்றும் இளையவருக்கு ஷிதாச்சி என்றும் பெயர். இன்றைய கெண்டோவில் பழகும், கதா என்னும் பத்து இருவர் வரிசைகளிலும் இதே அமைப்புதான். ஏழு நீளவாளுக்கு, மூன்று குட்டைவாளுக்கு. இந்த ஏற்பாட்டின் பயன் எளியது: இரண்டு புதியவர்களை ஜோடி சேர்த்தால் இருவருமே ஜெயிக்கப் பார்ப்பார்கள், ஒருவரும் கற்க மாட்டார்கள்.

களரியில் ஆசான் வாய்த்தாரி, அதாவது அசைவுகளுக்கான கட்டளைச் சொற்களை, சொல்லச் சொல்ல மாணவர்கள் அசைவார்கள். அடுத்து எதைச் செய்வது என்று யோசிக்கும் சுமை போய்விடுவதால் கவனம் முழுக்க உடம்பின் மேல் நிற்கும். தனியாகப் பழகும்போது நான் அந்தச் சொற்களை வாய்விட்டே சொல்லிக்கொள்வேன்.

இங்கே வரும் பெரிய பிழை, ஆளை விட்டுவிட்டு வாளை அடிப்பது. நண்பன்மேல் பட்டுவிடுமோ என்ற பயத்தில் இருவரும் நடுவில் வாளோடு வாள் மோதிக் 'கிளிங் கிளிங்' என்று சினிமா ஓட்டுவார்கள். தாக்குபவர் நடுமண்டையை நோக்கியே அடிக்க வேண்டும், ஆனால் மெதுவாக. தடுக்காவிட்டால் உச்சிக்கு ஒரு விரற்கடை மேலே அடி நிற்கிற மாதிரி. அந்த அடி பொய்யாக இருந்தால் தடுப்பும் பொய். எதிராளியைத் தொட முடியாத தூரத்தில் நின்று தாக்குவதும் இதே வகைதான்.

பாசாங்கு அடி, ஏமாற்றுச் சுழற்சி எல்லாம் இப்போது வேண்டாம். நேரடி அடிக்குப் பயப்படாத ஆள் உங்கள் பாசாங்குக்கும் பயப்பட மாட்டார்.

9. வாள்கள் ஒட்டி நிற்கும் கணம்

இதை நன்றாக விளக்கியவர்கள் ஜெர்மானியர்கள். அலகின் பிடிப்பக்கப் பாதியை வலியது என்றும் முனைப்பக்கப் பாதியை மெலிந்தது என்றும் பிரிப்பார்கள். இரண்டு வாள்களும் மோதி ஒட்டி நிற்கும்போது, எதிராளி அழுத்துகிறாரா தளர்கிறாரா என்பதைக் கண்ணால் பார்க்காமல் கையால் உணர வேண்டும். அவர் அழுத்தினால் விட்டுக்கொடுத்து மறுபக்கம் சுற்றிப் போக வேண்டும். தளர்ந்தால் நேரே முனையைச் செலுத்த வேண்டும்.

வாள்களை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பழகினால் இரண்டு வாரத்தில் கை பேசத் தொடங்கும். பலசாலிகளுக்குத்தான் இது கஷ்டம். அவர்களுக்குத் தளரவே தெரியாது.

10. கவசமும் சண்டைப் பயிற்சியும்

கெண்டோவில் முகக்கவசம் கட்டுவதற்குள் சில மாதம் ஆகிவிடும், அதை அவசரப்படுத்தாதீர்கள். தலையை மூடியதும் பார்வை குறுகும், மூச்சு திணறும். அதுவரை ஒழுங்காக இருந்த காலும் பிடியும் ஒரே நாளில் காணாமல் போகும். அவை நன்றாகப் படிந்திருந்தால்தான் திரும்பி வரும்.

நீள்வாளில் அதிகம் அடிபடுவது விரல்கள். முகமூடியை வாங்கிவிட்டுக் கையுறைக்குக் கஞ்சத்தனம் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உலோகப் பயிற்சி வாளோடு ஆடுவதென்றால் அதற்கென்றே செய்த தடித்த கையுறை வேண்டும். ஒலிம்பிக் வாள்விளையாட்டு முகமூடி பின்தலையை மறைக்காது. அதற்குத் தனி உறை பூட்ட வேண்டும். தொண்டைக் காப்பு இல்லாமல் குத்து அனுமதிக்கவே கூடாது.

முதல் சண்டைகளுக்கு ஒரு விதி மட்டும் வையுங்கள். ஒருவர் அடிப்பார், மற்றவர் தடுத்துத் திருப்பி அடிப்பார், அவ்வளவுதான். முழுச் சுதந்திரம் கொடுத்தால் இருவரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டு, யார் முதலில் என்று வாதாடுவார்கள். கூருள்ள வாளில் அந்த வாதத்துக்கு ஆள் இருக்காது. ஆட்டத்துக்குப் பிறகு எத்தனை அடி போட்டேன் என்று எண்ணாமல், எத்தனை முறை இருவரும் சேர்ந்து அடிபட்டோம் என்று குறித்துவைத்துப் பாருங்கள்.

11. உண்மையான அலகு

கூர் உள்ள வாளை ஆசான் 'எடு' என்று சொல்லும் வரை எடுக்காதீர்கள். முதல் வேலை வெட்டிப் பார்ப்பதுதான். ஜப்பானில் தண்ணீரில் ஊறவைத்த பாய்ச் சுருளை நட்டுவைத்து வெட்டுவார்கள். நம் கோரைப்பாயைச் சுருட்டி, நூலால் கட்டி, இரவு முழுதும் ஊறவைத்தாலும் ஆகும். வெட்டுமுகம் வழுவழுப்பாக நேர்க்கோட்டில் இருந்தால் கூரும் பாதையும் ஒன்றாக வந்திருக்கின்றன. கரண்டியால் தோண்டியது போலக் குழிந்திருந்தால் கை நடுவில் திரும்பியிருக்கிறது. பாய் பாதியில் மடங்கித் தொங்கினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

வெட்டும் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. இடது கால் முன்னே இருக்கும்போது இடப்பக்கமாகக் கீழே இறங்கும் வெட்டு போடவே கூடாது. வாள் தப்பினால் அந்த முழங்காலில்தான் வந்து நிற்கும்.

வேலை முடிந்ததும் அலகை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஒரே இரவில் துருப்புள்ளி விழும். விரல் ரேகையே துருவாகப் பதியும், அலகைத் தொட்டுக் காட்டாதீர்கள். உறையிலிருந்து உருவும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். கை அறுபடுவது பெரும்பாலும் திரும்ப உள்ளே போடும்போது. களைத்திருப்போம், பார்வை வேறெங்கோ இருக்கும், உறையைப் பிடித்த கையின் விரல் வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் ஆறு மாதம் உறையின் வாயைக் கண்ணால் பார்த்தே போடுங்கள். பார்க்காமல் போடுகிற மூத்தவர்களைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம்.